பதினெட்டாவது ஜுஸ்வு

"உனக்கு ஓத வருமா, வராதாமா?"

ஜுலைகா மாமி இப்படிக் கேட்டபோது ஷாஹீனுக்குப் பதினான்கு வயது. ரமலான் இருபத்தேழாம் இரவு. மாமி வீட்டுக் கூடம் நிறைய முக்காடு போட்ட பெண்கள். வரும் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அத்தனை கண்களும் ஒன்றாகத் திரும்பியதில் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "சரி, பரவால்ல. நீ டீ குடு" என்று மாமி டீத் தட்டைக் கையில் கொடுத்தாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லைதான். ஆனாலும் ஏழு வருடமாக அந்தத் தட்டு ஷாஹீன் கையைவிட்டு இறங்கவில்லை.

அந்த வருடமே அப்பா படுக்கையில் விழுந்தார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பகலெல்லாம் ராட்டையில் பட்டு நூல் சுற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பாள். படிப்பும் இல்லை, ஓதவும் வராது, வாயும் கிடையாது என்று தெரு அவளைப் பற்றி முடிவு கட்டிவிட்டது. ஆனால் விடியலில் ஃபஜ்ரு தொழுத கையோடு, ராட்டையைத் தொடுமுன், அவள் தினம் ஒரு ஜுஸ்வு ஓதுவாள். ஜுஸ்வு என்றால் குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம். மாதத்துக்கு ஒரு முறை முழுக் குர்ஆனும் முடிந்துவிடும். இது அம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

"போய் மாமிகிட்ட சொல்லேன்டி" என்று அம்மா கெஞ்சாத ரமலான் இல்லை.

"எனக்குத் தெரியுது, அல்லாவுக்குத் தெரியுது. போதாதா?" என்பாள். அம்மாவிடம் மட்டும் அவளுக்கு வாய் உண்டு.

லைலத்துல் கத்ர் ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவு. வானவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி, விடியும்வரை பூமியில் இருப்பார்களாம். அது எந்த இரவென்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும் இருபத்தேழாம் இரவில் ஊரே விழித்திருக்கும். மாமி வீட்டில் ஒரு வழக்கம். முப்பது ஜுஸ்வுகளும் முப்பது சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் இருக்கும். ஆளுக்கொன்று எடுத்து ஓதினால் ஒரே அமர்வில் குர்ஆன் முழுமை பெறும். பிறகு கையேந்தித் துஆ கேட்பார்கள். இந்த வருடம் அது கலீல் மாமாவுக்காக. மாமியின் கணவர், பக்ரீதுக்கு அடுத்த வாரம் மவுத்தானவர்.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஓதி முடித்த புத்தகங்களை ஷாஹீன் பெட்டியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் அவள் வேலைதான்.

"முப்பதும் வந்துட்டுதா?" என்றாள் மாமி.

"எண்ணிட்டேன் மாமி, கரெக்டா முப்பது" என்றாள் பக்கத்து வீட்டு நாஸியா. கல்லூரியில் படிப்பவள். "தட்டு ராணி, பெட்டிய மூடு. இன்னா பாத்துக்கினு இருக்கே?"

மூடப்போன கை அப்படியே நின்றது. பதினாறு, பதினேழு, பதினேழு, பத்தொன்பது.

மாமி கைகளை ஏந்திவிட்டாள். கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. ஷாஹீன் பெட்டியை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை விட்டுப்போனால் சேலை நெடுகக் கோடு விழும் என்று அவள் கைக்குத் தெரியும். இந்த இரவில், அதுவும் இறந்தவர் பெயரைச் சொல்லி, முடியாததை முடிந்தது என்று கையேந்துவதா?

"மாமி."

யார் காதிலும் விழவில்லை. குரலை உயர்த்தினாள்.

"மாமி! பதினெட்டு இல்ல."

ஏந்திய கைகள் அந்தரத்தில் நின்றன. அதே கண்கள், அதே மாதிரி, அவள் பக்கம் திரும்பின.

"இன்னாது?"

"பதினேழு ரெண்டு இருக்குது. பதினெட்டு இல்ல. முப்பது புக்குதான், ஆனா முப்பது ஜுஸ்வு இல்ல மாமி."

ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்த மொஹசின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். போன வருடம் பாதி ஓதிய பதினெட்டை வீட்டுக்கு எடுத்துப்போகையில் ஷேர் ஆட்டோவில் தவறவிட்டவள் அவள். "அய்யோ, கடையில புதுசு கேட்டு வாங்கியாந்து நான்தான் வெச்சேன். அவன் குடுத்தத அப்படியே வெச்சிட்டேனே! நம்பர பாக்கலியே!"

"நீ பாக்கல, ஓதினவங்க ரெண்டு பேரும் பாக்கல" என்று மாமி பெருமூச்சு விட்டாள். "அலமாரில முழு குர்ஆன் இருக்குது. யார் ஓதறீங்கமா?"

ஒருத்தி தொண்டையைச் செருமினாள். ஒருத்திக்கு விடியுமுன் நோன்புக்குச் சகர் சமைக்க வேண்டுமாம். "அஞ்சு பேரா பிரிச்சிக்கலாமா? மொபைல்ல எடுக்கிறேன்" என்றாள் நாஸியா.

"நான் ஓதறேன்" என்றாள் ஷாஹீன்.

"நீயா?" என்ற மாமியின் உதட்டில் அந்தப் பழைய கேள்வி வந்து நின்றது.

ஷாஹீன் எழுந்து போய்க் கைகால் முகம் கழுவி ஒளூ செய்தாள். ஈரம் காயாத முகத்தோடு அலமாரிக் குர்ஆனை எடுத்து வந்து உட்கார்ந்தாள். பிஸ்மி சொன்னாள். பதினெட்டாவது ஜுஸ்வு நம்பிக்கையாளர்களின் வெற்றியைச் சொல்லித் தொடங்கும். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நிலைத்தது. மூன்றாவதில், தினமும் விடியலில் ஓடிப் பழகிய தடத்தைக் கண்டுகொண்ட மாதிரி, தானாகவே ஓடியது. நீட்ட வேண்டிய இடத்தில் நீண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்று, எங்கும் தட்டாமல்.

தப்புக் கண்டுபிடிக்க மொபைலில் விரல் வைத்துக் கூடவே வந்த நாஸியா, இரண்டு பக்கம் போனதும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். கதவோரம் இருந்த ஷாஹீனின் அம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேட்டீங்களா, கேட்டீங்களா என்று அந்தப் பார்வை வீடு வீடாகப் போய்வந்தது. சகர் சமைக்க வேண்டியவளும் எழுந்து போகவில்லை.

முக்கால் மணி நேரம். முடித்து நிமிர்ந்தபோது தொண்டை வறண்டிருந்தது. உடம்பில் எங்கும் பயம் இல்லை. மாமி துஆ கேட்டாள். கலீல் மாமா பெயர் வந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். ஷாஹீனும் சத்தமாகவே சொன்னாள்.

பிறகு பழக்க தோஷத்தில் டீத் தட்டை எடுக்க எழுந்தாள்.

அதற்குள் மாமி எழுந்துவிட்டிருந்தாள். ஒரு கை ஷாஹீன் தோளை அழுத்தி அவளைத் திரும்ப உட்கார வைத்தது. முதல் கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு டீ கொடுக்க மாமியே போனாள்.