வகுப்பில் நாற்பத்திரண்டு பேர்

"அந்த வரிக்கு முன்னாடி நாலு இடம் விடுங்க."

"விட்டேன்."

"மூணுதான் விட்டிருக்கீங்க."

மடியில் லேப்டாப்பை வைத்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிற தடித்த விரல். ஒரு எழுத்தை அழுத்தினால் இரண்டு விழுந்தது. மனைவியின் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால், கட்டிலில் படுத்தபடி அவள் சொல்லச் சொல்ல இவர்தான் அடிக்க வேண்டியிருந்தது.

புவியியல் டீச்சருக்கு எதற்கு கோடிங் என்று எட்டு மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டார். யாரும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. தானாகவே வீடியோ பார்த்துப் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், "இருங்க, ஒரே ஒரு எரர்" என்பாள்.

நேற்று டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, "ரெண்டு நாள் தாங்கினா பெரிசு" என்றிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் பேச எவ்வளவோ இருந்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. இவள் என்னடாவென்றால் இடம் விடச் சொல்கிறாள்.

"இப்ப இது ரொம்ப அவசியமா?"

"திங்கக்கிழமை கிளாஸுக்கு வேணும். எனக்குப் பதிலா வர்றவங்க வெச்சுக்கட்டும்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அவள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷமா, கை தூக்கற நாலு பேரையேதான் கேள்வி கேட்டிருக்கேன். ஒரு பொண்ணு வருஷம் பூரா வாயே தொறக்காம பாஸாகிப் போயிட்டா. அவ குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இது அப்படி விடாது. சீட்டுக் குலுக்கற மாதிரி ஒரு பிள்ளையோட ரோல் நம்பர் வரும். வந்தது திரும்ப வராது. எல்லார் முறையும் வந்தே தீரும். என்டரைத் தட்டுங்க."

தட்டினார். "பதினேழு."

"ம்."

"மூணு."

"ம்."

"வேலை செய்யுதே, போதுமா?"

"நாப்பத்திரண்டையும் பாத்துடணும். நேத்து ஓட்டிப் பாத்தப்ப ஒரு தடவை வந்த நம்பரே திரும்ப வந்துச்சு."

"நாப்பத்திரண்டா! உனக்கே இது அநியாயமாத் தெரியல?"

"தட்டுங்க."

தட்டினார். அவர் எண்ணைப் படிக்கப் படிக்க அவள் கண்ணை மூடி 'ம்' கொட்டினாள். இருபதைத் தாண்டியபோது அவருக்கு இடுப்பு வலித்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வாளோ என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தொம்பது."

பதில் இல்லை.

"நல்லா இருக்கு நியாயம். என்னை வேலை வாங்கிட்டு நீ தூங்கு." தட்டினார். "எட்டு." மறுபடி தட்டினார். "இருபத்தாறு. அடியே, கேக்கறியா இல்லையா?"

திரும்பிப் பார்த்தார்.

நர்ஸ் ஓடிவந்தாள். பின்னாலேயே டாக்டர் வந்தார். கட்டிலைச் சுற்றித் துணித் தட்டியை இழுத்துவிட்டு அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

மனைவியின் தங்கைக்கு போன் செய்தார். அவள் அழுது ஓய்ந்து கேட்டாள்: "கடைசியா அக்கா என்ன சொன்னா மாமா?"

அவர் யோசித்தார்.

"'ம்'னு சொன்னா."

நடைபாதையைத் துடைத்துக்கொண்டே வந்த பெண், "ஐயா, காலைத் தூக்குங்க" என்றாள். இரண்டு கால்களையும் தூக்கினார். பெஞ்சுக்கடியில் துடைத்துவிட்டு அவள் அந்தக் கோடிவரை போய்விட்டாள். தரை திட்டுத் திட்டாகக் காயத் தொடங்கியது. அவர் இன்னும் கால்களை இறக்கவில்லை.