தோற்றோம் என்று எழுதாத துறை

பின்னால் வந்த அரசு லாரி முழங்காலை நசுக்கிய வழக்கில் தையற்காரி ஜெயித்துவிட்டாள். மாநில அரசு இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. வரும் பணத்தில் மிஷினுக்கு மோட்டார் போட வேண்டும். இப்போது அவள் தைக்க, நாத்தனார் தரையில் உட்கார்ந்து மிதிபலகையைக் கையால் ஆட்டுகிறாள். நாத்தனாரின் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. மகளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் கிளம்பிவிட்டால் மிஷின் நின்றுபோகும்.

காலை இழுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி, அந்த லாரிக்குரிய துறையின் நிதிப்பிரிவுக் கண்காணிப்பாளர் முன் போய் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் பணம் இல்லம்மா."

"நான் ஜெயிச்சுட்டேனே சார்?"

"ஜெயிச்சுட்டீங்க. சிக்கலே அதான்."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். வழக்கு நடக்கும்போதே துறை பட்ஜெட்டில் இழப்பீட்டுக்குப் பணம் கேட்டால், தோற்கப்போகிறோம் என்று தானே ஒப்புக்கொண்டது போலாகும். அதனால் கேட்பதில்லை. தீர்ப்பு வரும்போது பட்ஜெட் முடிந்திருக்கும்.

"அடுத்த வருஷம் வருமா சார்?"

"இந்த வருஷம் எவ்வளவு செலவாச்சுன்னு பாத்துதான் அடுத்த வருஷத்துக்கு ஒதுக்குவாங்க. ஒண்ணுமே செலவாகலையே."

அவளுக்குத் தலை சுற்றியது. "நான் தோத்திருந்தா?"

"பணமே தேவைப்பட்டிருக்காது."

"அந்தக் கணக்கு மட்டும் எப்பவும் சரியா வந்துடும்க்கா," என்றார் தண்ணீர் கொண்டுவந்த பியூன்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். அவள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்காணிப்பாளர் வந்து அவள் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்தார்.

"இந்தக் காலோட எப்படிம்மா தைக்கிறீங்க?"

அவள் நாத்தனாரின் கையைப் பற்றிச் சொன்னாள். அவர் எழுந்து மேலே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது.

"வழக்குல தோத்துட்டோம், கொடுத்தாகணும்னு எழுதியிருக்கேன். இங்க யாரும் அப்படி எழுதினதில்ல. மேல இருக்கறவர் குதிப்பாரு, குதிக்கட்டும். பட்ஜெட்டுக்கு அப்புறம் போடற துணை மதிப்பீட்டுல ஆயிரம் ரூபா கேட்டிருக்கேன்."

"எனக்கு ஆயிரம்தானா?"

"அது உங்களுக்கில்லம்மா. பட்ஜெட்டுல இழப்பீட்டுக்குன்னு ஒரு செலவுத் தலைப்பைத் திறந்து வைக்க. திறந்துட்டா, வேற செலவுல மிஞ்சினதை அதுல மாத்தி மொத்தமும் கொடுக்கலாம். இனி நீங்க ஏறி வராதீங்க. கையெழுத்து வேணும்னா நானே கீழ வரேன்."

ஆண்டவனே, எனக்குப் புரியாவிட்டால் போகிறது, இந்த மனிதருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள் என்று வேண்டியபடி அவள் வீடு சேர்ந்தாள்.

"பணம் வந்துச்சா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"வரல. தொறந்து வைக்கப் போறாங்களாம்."

"எதை?"

"அதுதான் தெரியல. ஆனா அந்த சார் எனக்காகப் படியில வந்து உட்கார்ந்தாரு."

நாத்தனார் மிதிபலகையில் கையை வைத்தாள்.

"அது வரும்போது வரட்டும். என் பொண்ணைப் பிரசவத்துக்கு இங்கேயே வரச் சொல்லிடறேன். குழந்தைத் துணியெல்லாம் நீங்கதானே தைக்கணும்?"

அன்று முழுக்கக் கேட்டதில் தையற்காரிக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.