பனிக்கருப்பின் கால்

"இடது பக்கத்தையும் நீயே புடி" என்றேன் அண்ணனிடம்.

அம்மா உரித்துக்கொண்டிருந்த பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எனக்குப் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான். அண்ணனை எதையும் செய்யச் சொல்லக் கூடாது. தண்ணீர் மொண்டு குடி என்று சொல்லக் கூடாது. சட்டைப் பித்தானை நீயே போட்டுக்கொள் என்று சொல்லக் கூடாது. போன வருஷம் துவாக்குடியில் அவன் வேலை பார்த்த ஷெட்டில், தகடு வளைக்கிற மெஷின் அவன் இடது கையின் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இந்தச் சட்டம். அம்மா அவனுக்குத் தோசையைப் பிய்த்துத் தருகிறாள். அவனுக்கு வயது இருபத்தொன்பது.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அவன் எப்படிடி புடிப்பான்?"

"கையாலதான். வலது கையில அஞ்சும் இருக்குல்ல."

"யாழினி!"

அம்மா என் முழுப்பெயரைச் சொன்னால் அடுத்தது கரண்டி பறக்கும். பறக்கட்டும் என்று இருந்தேன். பூவரசன், அதாவது என் அண்ணன், எங்கள் இருவரையும் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் எங்கள் வீரன் அப்போதுதான் செத்துக் கிடந்தான்.

விஷயம் இதுதான். அந்த வீடியோ கேமை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளாக விளையாடினோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கன்ட்ரோலரின் இடது கைப்பிடியை நானும் வலது கைப்பிடியை அவனும் பிடித்துக்கொள்வோம். இடது பக்கக் குச்சிதான் வீரனை நடக்கவைப்பது. அது என் கட்டை விரலில். வெட்டுவதும் உருண்டு தப்பிப்பதும் வலது பக்கம். அது அவனுடையது. வீரனுக்குக் கால் நான், கை அவன். ஆறேழு மாதமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இதுதான் எங்கள் வேலை. இரண்டு பேர் தோளும் ஒட்டி, வியர்த்து, பிசுபிசுத்து.

திங்கட்கிழமை நான் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. இன்று பஸ் ஏற வேண்டும். மினி பஸ் ஓட்டுகிற அப்பா, காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போதே "பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பை கதவோரம் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் அது இன்னும் முடிவாகாத பேச்சு.

"இங்க மன்னார்புரத்துல இல்லாத கம்பெனியா? அவன் கை சரியாகட்டும், அப்புறம் எங்க வேணா போ" என்பாள்.

விரல் என்ன முருங்கையா, வெட்டினால் துளிர்ப்பதற்கு? இதை நான் அம்மாவிடம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். அழுதாள். முதல் பட்டதாரி என்று தாலுக்கா ஆபீஸில் சான்றிதழ் வாங்கிப் படித்தவள் நான். வாய் நீளம் அதனால்தான் வந்தது என்பது அவள் கட்சி. அதற்கு முன்பே இருந்தது என்பது அப்பா கட்சி.

கேம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது ரெங்கராஜ். அண்ணனோடு ஷெட்டில் வேலை பார்த்தவர். "வீட்ல சும்மா கெடக்குது, நீ ஓட்டு" என்று வயரை மாட்டிவிட்டு, அண்ணனின் கையைப் பார்க்காமலே போய்விட்டார். நாலு நாள் அது டிவிக்குக் கீழே தூங்கியது. ஐந்தாம் நாள் நான் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கைப்பிடியைப் பிடித்தேன். அவன் வலதைப் பிடித்தான்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு இரட்டைக் கத்திக்காரி மேல்தான் கண். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேரு சேந்து ஒரு ஆளை ஓட்டறோம். வேகமான கத்தி ஆகாது, யாழு. ஒரு அடி அடிச்சாலும் இடியா விழணும்."

அப்படி வந்தவன்தான் கனத்த வாள் வீரன். வாள் அவன் உயரத்துக்கு இருக்கும். தூக்கவே ஒரு மூச்சு ஆகும், இறக்க ஒரு மூச்சு. அதற்குள் எதிரி நம்மைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வரலாம். ஆனால் பட்டால் பட்டதுதான். கிடைத்த லெவலை எல்லாம் அவன் வலுவைக் கூட்டுவதிலேயே போட்டோம். பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டபோது அண்ணன் யோசிக்கவே இல்லை. எங்கள் குலசாமி கருப்பு, அந்தப் பெயரையே வைத்தான். பிறகு ஒரு பனிக்குகையில் நீலமாக மின்னுகிற வாள் ஒன்று கிடைத்ததும் அவன் பனிக்கருப்பு ஆனான்.

"சாமி பேர வச்சுக்கிட்டு நாளெல்லாம் சாகடிக்கிறீங்களே, உருப்படுவீங்களா?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு பூண்டுத் தட்டோடு எங்கள் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் மே மாதம் ஃபேன் காற்றே அடுப்புக் காற்றாக வரும். அந்தக் காற்றில் உட்கார்ந்து நாங்கள் பனி கற்றுக்கொண்டோம். அந்த வாளால் அடிக்க அடிக்க எதிரி மேல் பனி ஏறும், எங்கள் பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஏறுகிற மாதிரி. நிறைந்ததும் வெடித்து, அவன் ஒரு கணம் அப்படியே உறைந்து நிற்பான். அந்தக் கணத்தில் விழுகிற அடிதான் அடி. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். உண்மையில் அந்த வாளை நாங்கள் ரொம்ப நாள் வெளியே எடுக்கவே இல்லை.

காரணம் அம்மா. "நல்ல வாளா இருக்கு. இருக்கட்டும், பின்னாடி ஒரு நல்லது கெட்டதுக்கு ஆகும்" என்றாள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. இது புதுப் புடவையைக் கவரோடு பீரோவில் வைக்கிற வீடு. எவர்சில்வர் குடம் லேபிள் கிழியாமல் லாஃப்டில் இருக்கிறது. பனிவாளைக் கேமுக்குள் இருக்கும் சாமான் பெட்டியில் வைத்துவிட்டுத் துருப்பிடித்த வாளாலேயே வெட்டினோம். வாளைக் கூர்மையாக்குகிற கற்களையும் செலவழிக்கவில்லை. மலை மாதிரி சேர்ந்து கிடந்தன. அடி பட்டுவிடக் கூடாதென்று கிடைத்த கவசத்தையெல்லாம் மாட்டிவிட்டோம்.

காலேஜில் என்னோடு படித்த நஜ்முன்னிசா இதில் கில்லாடி. ஒருநாள் வீடியோ காலில் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் போனைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏய், என்னடி இவன் கல்யாண மண்டபத்துக்குச் சாமான் ஏத்தின டெம்போ மாதிரி போறான்? இவ்ளோ கனம் மாட்டினா உருள மாட்டான்டி, கவுந்துதான் விழுவான். பெட்டியத் திற, பாப்போம். அல்லாவே! இத்தனை கல்லா? வாள எடுத்து வெளிய வைங்க. ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க ஆன்ட்டி!"

"எல்லாத்தையும் இப்பவே கரைச்சுட்டா அப்புறம் என்னம்மா பண்றது?" என்று அம்மா நிஜமான கவலையோடு கேட்டாள்.

வாளை எடுத்தோம். கற்களையும் போட்டோம். ஒரே ஒரு கல்லைத் தவிர. கேம் முழுக்கத் தேடினாலும் அந்த வெள்ளைக் கல் இரண்டு மூன்றுதான் கிடைக்குமாம். அதை அம்மா விடவில்லை. கனத்த மார்க்கவசத்தை அண்ணன் விடவில்லை. "இருக்கட்டும், அடி தாங்கும்" என்றான். அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது. சட்டம்.

இப்போது உலைக்காரன் என்று ஒரு பாஸ், வீழ்த்தாமல் தாண்ட முடியாத பெரிய எதிரி. நெருப்புச் சம்மட்டியோடு ஒரு மலை. பனிக்குப் பயந்தவன் என்று நஜ்மு சொன்னாள். எங்களுக்கு மட்டும் பயப்படவில்லை. ஒரு வாரமாக எங்களைத் தட்டித் தட்டித் தகடாக்கிக்கொண்டிருந்தான். இன்று மத்தியானமும் அதே. அப்போதுதான் இடது பக்கத்தையும் நீயே பிடி என்றேன்.

"பட்டனையெல்லாம் மாத்தி வச்சிருக்கேன் அண்ணே" என்றேன், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். "வலது பக்கக் குச்சிய கட்டை விரலால ஆட்டி நடக்கலாம். அந்தப் பக்கமே மேல இருக்கற ரெண்டு பட்டன்ல ஒண்ணு வெட்டறது, ஒண்ணு உருள்றது. இடது கையில நடு விரல் இருக்குல்ல, அதால மருந்து குடிக்கலாம். அந்தக் குச்சிய அமுக்கினா பார்வை உலைக்காரன் மேல பூட்டிக்கும், கேமரா தானா திரும்பும்."

"எப்ப மாத்துன?"

"காலையில."

அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தோள் வெறுமையாக இருந்தது. ஃபேன் காற்று அங்கே வந்து பட்டது.

"வேணாம் சாமி" என்றாள் அம்மா. "இவ ஊருக்குப் போற அவசரத்துல என்னென்னமோ பேசறா. நீ வை."

அவன் வைக்கவில்லை. இடது கையை, அந்தக் கையை, சட்டை மடிப்புக்குள்ளிருந்து எடுத்துக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்தான். வீட்டுக்குள்ளேயே அதை மறைத்து வைத்திருக்கிறான் என்பது எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பனிக்கருப்பு எழுந்தான். சுவரில் போய் முட்டினான். திரும்பினான். இன்னொரு சுவர். உலைக்காரன் மெதுவாக வந்து ஒரே போடு.

"போதுமாடி? நல்லா இருக்கா பாக்க?" என்றாள் அம்மா. "எம்புள்ளைய அசிங்கப்படுத்திட்டுப் போகணும்னு நெனச்ச, பண்ணிட்ட."

பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அண்ணன் பேசினான்.

"அம்மா, சும்மா இரு."

அவன் அம்மாவை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"யாழு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீ ரொம்ப அவசரம் புடிச்சவ. ஒரு வாரமா அதான் சாவுறோம். அவன் சம்மட்டியத் தூக்கறப்பவே நீ ஓடிப்போய்ப் பக்கத்துல நின்னுருவ. நான் வாளைத் தூக்கறதுக்குள்ள மேல விழுந்துரும். கனமான வாளுக்கு ஆள் நிக்கணும். நீ நிக்கவே மாட்ட."

"இத ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீயே எனக்காக வந்து உக்காந்திருக்க, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதோடு சேர்ந்து வேறென்னவோவும் வந்தது. இந்த வீட்டில் அவனை எதுவும் செய்யச் சொல்லாமலிருக்க நாங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவனும் எங்களுக்காகக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறான். "நல்லா இருக்கு போ. நானா மெனக்கெட்டு கால் ஓட்டினா கால் சரியில்லையாம்" என்றேன். அவன் சிரித்தான். பல் தெரிய.

பிறகு திரையில் கருப்பின் சாமான் பக்கத்தைத் திறந்து கனத்த மார்க்கவசத்தைக் கழற்றினான். யாரும் சொல்லவில்லை. கருப்பு மெல்லிய சங்கிலிச் சட்டையோடு நின்றான்.

"அடி பட்டா செத்துருவானே அரசு" என்றாள் அம்மா.

"அதெல்லாம் போட்டும்தானம்மா செத்தான்."

அம்மா கொஞ்ச நேரம் பூண்டுத் தோலை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "அந்த வெள்ளைக் கல்லு இருக்குல்ல, அதையும் போட்டுரு" என்றாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

"போடுடா. வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

போட்டான். வாளின் நீலம் வெளுத்துக் கண் கூசியது.

இந்த முறை கருப்பு சுவரில் முட்டவில்லை. தட்டுத் தடுமாறித்தான் நடந்தான், ஆனால் நடந்தான். உலைக்காரன் சம்மட்டியைத் தூக்கினான். கருப்பு நின்றான். என் உடம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. அவன் நின்றுகொண்டேயிருந்தான். சம்மட்டி இறங்குகிற நேரத்துக்கு ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தான், அவ்வளவுதான். தரை அதிர்ந்தது. அப்போதுதான் வாள் மேலே போனது. நிதானமாக. விழுந்தது. உலைக்காரனின் தோளில் வெள்ளையாக ஏதோ படர்ந்தது.

"அப்படிப் போடு என் சாமி!" என்றாள் அம்மா, தட்டைத் தள்ளிவிட்டு முன்னால் நகர்ந்து.

இது நான் ஓட்டிய கருப்பு இல்லை. வேறு ஆள். ஷெட்டில் அண்ணன் வெல்டிங் வைக்கும்போது ஒருமுறை பார்த்திருக்கிறேன். பொறி பறக்கிற இடத்தில் அவன் மட்டும் அவசரமில்லாமல் குனிந்திருப்பான். அந்த ஆள்.

"பஸ்ஸுக்கு நேரமாகலையா உனக்கு?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"இத முடிச்சுட்டுப் போறேன்."

"வேணாம், இப்பவே கிளம்பு. நீ நின்னா உன் கட்டை விரல் காத்துல ஆடுது. எனக்குச் சிரிப்பு வருது."

குனிந்து பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

பையைத் தூக்கினேன். நான் வைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"மேல புளிசாதம் இருக்கு. பையப் படுக்க வைக்காத, எண்ணெய் கொட்டும்" என்றாள் அம்மா, திரும்பாமலே. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. முடிவாகாத பேச்சு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே புளி கரைத்திருக்கிறாள்.

"போயிட்டு வரேம்மா."

"ம், போயிட்டு வா. இறங்கினதும் போன் போடு. ஐயோ அரசு, பின்னாடி வரான் பாரு, தள்ளுடா, தள்ளு!"

"வரேன் அண்ணே."

"ம்" என்றான். கண் சம்மட்டி மேலேயே இருந்தது. நான் போய் அவன் தோளைத் தொட்டிருக்கலாம். தொட்டிருந்தால் கருப்பு அடுத்த அடியில் செத்திருப்பான்.

செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். மேலே சம்மட்டி விழுகிற சத்தமும் அம்மாவின் கூச்சலும் மாறி மாறிக் கேட்டன. யார் ஜெயித்தது என்று கேட்க நான் நிற்கவில்லை. தெரு முனையில், சென்னை பஸ் நிற்கிற டோல்கேட்டுக்குப் போகிற டவுன் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டிக்கொண்டே ஓடினேன்.