இடது தாடையில் கொஞ்சம்

"கை நடுங்குது பாரு," என்றான் அவள் புருஷன், கன்னம் முழுக்க நுரையோடு. "கடையில கண்டவன் மூஞ்சியத் தடவும்போது மட்டும் நடுங்காதோ?"

நடுங்கவில்லை. அது அவளுக்கே தெரியும். ஆனாலும் சவரக்கத்தியை எடுக்குமுன் ஒருமுறை விரல்களைப் பார்த்துக்கொண்டாள். இந்த மனிதன் எதைச் சொன்னாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம், வீட்டை விட்டுப் போய் இத்தனை காலமாகியும் அவளை முழுசாக விடவில்லை.

டாக்டர்கள் கைவிரித்து அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சவரம் செய்ய வந்த ஆளைத் திட்டித் துரத்திவிட்டு, "அவ வந்து பண்ணட்டும்" என்று பிடிவாதம் பிடித்தான். அவனுடைய அக்கா போனில் அழுதாள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த அறையை விட்டுத் தன்னால் வெளியே போக முடியுமா?

அது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. 'சரியா இருக்கா?' அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் அவன் தொடமாட்டான். அவள் கேட்கும்வரை தட்டையே வெறித்துக்கொண்டிருப்பான். உடுத்திக்கொண்டு வந்தால் மேலும் கீழும் பார்ப்பான், பேசமாட்டான். அவளே கேட்பாள். கேட்ட பிறகுதான் அவனுக்கு வாய் திறக்கும். "உன்கிட்ட எதுதான் சரியா இருந்திருக்கு?" அதைச் சொல்லிவிட்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுவான்.

முடிவெட்டும் கடையில் சேர்ந்த புதிதில் அங்கேயும் கேட்டாள். வெட்டி முடித்ததும் ஒருமுறை, மேல்துணியை எடுக்கும்போது ஒருமுறை. சந்தோஷமாக உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சந்தேகத்தோடு மண்டையைத் தடவ ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, நீயே போய் குறையக் கூப்பிட்டு உக்கார வைக்கிறியே! வெட்டினியா, 'ஆச்சு'ன்னு சொல்லு, துணிய உதறு. குறை இருந்தா சொல்ல அவனுக்கு வாய் இல்லையா?"

அந்த 'ஆச்சு' நாக்கில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாடகை அறையில் தண்ணீர்க் குடத்தைப் பார்த்து, 'ஆச்சு, ஆச்சு' என்று பைத்தியம் மாதிரி சொல்லிப் பழகியிருக்கிறாள்.

நோய் தின்ற கன்னம். கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாகக் கத்தியை இறக்கினாள். குரல்வளைக்கு வந்ததும் அவன் சிரித்தான்.

"ஆசையா இருக்குமே?"

"தலைய ஆட்டாதீங்க."

ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பானே, அதே பார்வை இப்போது அவள்மேல் நின்றது. எதற்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்கும் தெரியும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் அக்காவுக்கும் தெரியும்.

"கேளேன்டி," என்றாள் அக்கா. "சாகப்போறவன். ஒரு வார்த்தை கேட்டா நீ என்ன தேஞ்சா போயிடுவ?"

வார்த்தை அவள் பல்வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்தாள்.

"ஆச்சு."

ஜன்னலுக்கு வெளியே துணியை உதறினாள். நரைமுடி காற்றில் போயிற்று.

கைக்கு எட்டியதை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல அவன் முகம் கோணியது. எலும்பும் தோலுமான கையைத் தூக்கி, இடது தாடைக்குக் கீழே ஒரு விரலை வைத்தான்.

"இங்க இருக்கு. கண்ணு இல்லையாடி உனக்கு? முண்டம்."

அவள் பார்க்கவில்லை. கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே அக்காவின் அலறல் கேட்டது. தூரிகையில் இருந்த கடைசி நுரையும் போகும்வரை அலசி, உதறிவிட்டுத்தான் எழுந்தாள்.

அவன் விரல் தாடையிலேயே இருந்தது. அக்கா அதை விலக்கி, கையை மார்பில் வைத்தாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"பாத்தியா! எம் தம்பி சொன்னது சரிதான். விட்டுட்ட பாரு!"

அத்தனை அழுகைக்கு நடுவிலும் அந்தக் குரலில் ஜெயித்த தொனி இருந்தது. அவளும் குனிந்தாள். உண்மைதான். தாடை வளைவில், கத்தி படாமல், கொஞ்சம் முடி வெள்ளையாக முள்முள்ளாக நின்றது. இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன ஒரே நியாயமான குறை. பழைய பயம் ஒருகணம் உடம்பெல்லாம் ஓடியது. அவள் கத்திப் பையைப் பிடித்தபடி நின்றாள், அது அடங்கும்வரை.

"ஆமாக்கா. விட்டுப்போச்சு."

"ஒரே இழுப்புல எடுத்துடேன்டி. நாலு பேர் வந்து பாப்பாங்க."

"பாக்கட்டும்."

அக்கா வாயைப் பிளந்தாள். அவள் பையின் வாரை இழுத்துக் கட்டினாள். அழுகை வரவில்லை. அதற்காக வெட்கமும் வரவில்லை.

அக்கா போர்வையைத் தாடைவரை இழுத்துவிட்டாள். அது வழுக்கிக் கீழே இறங்கியது. திரும்ப இழுத்தாள், திரும்ப இறங்கியது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் அவனுடைய இடது பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். அவளும் வாங்கி ஒரு வாய் குடித்தாள். இனிப்புப் போதவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய், சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.