சீட்டின் உயரம்

அன்று காலை என் போர்வையை உருவி மடித்துக்கொண்டே, சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருப்பதாக நாத்தனார் சொன்னாள். என் கணவர் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நூலகத்தில் கொடுத்த விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்களன்றும் வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று நூலகர் தயங்கித் தயங்கிப் போனில் சொல்லியிருந்தார். பதினெட்டு வருடமாக என்னை அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அங்கே இறக்கிவிட்ட பிறகுதான் அவர் தன் வேலைக்குப் போவார். வழி முழுக்க அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருக்களுக்குத் தனியாகப் போவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது நாத்தனாரின் ஆஸ்பத்திரி வேலை. வந்த மூன்று நாளாக என்னையும் அப்படித்தான் நடத்தினாள். எழுந்ததும் முகம் கழுவ வேண்டும். ஜன்னலைத் திறந்து வெயிலில் நிற்க வேண்டும். யாராவது ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். உடம்பைக் கிளப்பிவிட்டால் மனசு தானாகப் பின்னால் வரும் என்பது அவள் கட்சி. பேப்பர் போடுகிறவரிடம் நான் "ம்" என்றேன். "ம்" எல்லாம் பேச்சில் சேராது என்றாள்.

வாசலில் சைக்கிள் பளபளத்தது. ஆனால் குட்டையாகத் தெரிந்தது. ஏணி இல்லாமல் பல்பு மாட்டுகிற மனிதர் அவர். சீட்டு என் இடுப்புக்கு மேலே நாலு விரல் நிற்கும். இப்போது இறங்கியிருந்தது. அவள் கையில் ஸ்பேனர்.

"இறக்குறதுக்கு முன்னாடி அடையாளம் ஏதாவது போட்டியா?"

"என்ன அடையாளம் அண்ணி?"

"அவர் வச்சிருந்த உயரத்துக்கு."

அவர் சட்டைகளைப் பிறருக்குக் கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. சட்டை கடையில் வாங்கியது. இது அவர் கால் நீளத்துக்கு அவரே பார்த்து வைத்தது. இனி யாரைக் கேட்பது? நான் என்ன உன் நோயாளியா, கேட்காமல் கை வைக்கிறாயே என்று சொல்லிவிட்டேன். அவள் படியில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் அவள் உட்கார்ந்து அப்போதுதான் பார்த்தேன்.

"எனக்கும் அண்ணன்தானே அண்ணி," என்றாள். "சும்மா இருந்தா மூச்சு முட்டுது. அதான் எதையாவது துடைச்சிட்டு இருக்கேன்."

அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினேன். திருகைத் தளர்த்தி, சீட்டை மெல்ல மேலே இழுத்தேன். கம்பியின் மேல்பகுதி மழையில் நனைந்து நனைந்து துருவேறியிருந்தது. கொஞ்சம் இழுத்ததும், வெள்ளி போலச் சுத்தமான கம்பி வந்தது. இத்தனை வருடம் குழாய்க்குள்ளேயே இருந்த பகுதி. இரண்டுக்கும் நடுவில், கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. அதைக் குழாயின் விளிம்போடு சேர்த்து நிறுத்தினேன்.

அவள் எழுந்து வந்து சீட்டின் மேல் கை வைத்தாள். "ஒட்டகம்," என்றாள் மெதுவாக. சின்ன வயசில் அண்ணனுக்கு அவள் வைத்த பெயர் அது.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டோம். பிறகு நானே கம்பியை இறக்கினேன். கோடு உள்ளே போனது. அது இருக்கும் இடம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு நான் சைக்கிள் மிதித்ததில்லை. விட்டுவிடாதே என்றேன்.

"எத்தனை பேரை நடக்க வச்சிருக்கேன். பேசாம மிதிங்க."

கேரியரைப் பிடித்தபடி அவள் ஓடி வந்தாள். செருப்புச் சத்தம் தடதடவென்று பின்னால் கேட்டது. தெருமுனை திரும்பும்போது ஒன்று எங்கோ கழன்றுவிழ, ஒற்றைச் செருப்பின் சத்தம் பின்னாலேயே வந்தது.