புளித்தண்ணீர் வைத்தியம்

நான் இண்டூரில் கேன் தண்ணீர் பிளான்ட் நடத்துகிறேன். எங்கள் போர் தண்ணீரைக் குடத்தில் ஒரு மாதம் வைத்தால் குடத்துக்குள் இன்னொரு குடம் முளைத்துவிடும், அவ்வளவு உப்பு. அது தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெம்பிரேனில் கல்லாகக் கட்டாமலிருக்க, தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் அந்த மருந்து தீர்ந்துபோனது. வேறு யாராவது என்றால் பிளான்ட்டை நிறுத்திவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பார்கள். எனக்குத்தான் மூளை இருக்கிறதே.

என் மனைவி கோகிலா பித்தளைக் குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளி பட்ட இடமெல்லாம் உப்புக்கறை போய்ப் பளபளத்தது. உடனே அரைக் கிலோ புளியைக் கரைத்து, வேட்டியில் வடிகட்டி, மருந்துக் கேனில் ஊற்றினேன். பிளான்ட் ஓடியது. மருந்து வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். "கெமிக்கலே இல்லாத தண்ணிங்க" என்று டீக்கடை டீக்கடையாகத் தம்பட்டம் வேறு அடித்தேன்.

அப்போதுதான் நல்லம்பள்ளியில் கொழுந்தியாள் சுமித்ராவின் கல்யாணம் வந்தது. மாமனார் நஞ்சப்பன், "போயும் போயும் தண்ணி விக்கறவனுக்குப் பொண்ணக் குடுத்தனே" என்று என் காதுபடவே சொல்கிறவர். கோகிலா அவரிடம் மல்லுக்கு நின்றாள்.

"கல்யாணத் தண்ணி எங்க வூட்டுலருந்துதான் வரும். அவரு தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்கப்பா."

கல்யாணத்துக்கு முதல் நாள் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. பிறகு அதுவும் நின்றது. மெக்கானிக் குரு மெம்பிரேனை உருவினான். உள்ளே கல், அதன்மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு. முகர்ந்து பார்த்தான்.

"அண்ணா, ரசம் வெச்சீங்களா?"

"கழுவிப் போட முடியாதா?"

"தூக்கித்தாங்க போடணும். புதுசு வர ரெண்டு நாளாவும்."

என் மானம் போனால் போகட்டும், அது போய்ப் பழகியதுதான். கோகிலா அப்பா முன்னால் தலைகுனிந்து நிற்பாளே, அதுதான் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் என் காலிக் கேன்களை டெம்போவில் ஏற்றி, பென்னாகரத்தில் வேறொரு பிளான்ட்டில் நிரப்பி, நல்லம்பள்ளியில் இறக்கினேன்.

பந்தியில் மாமனார் ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

"மாப்ள, ஒளிக்காம சொல்றன். உங்க தண்ணி மேல எனக்கு நம்பிக்கையே இல்லீங்க. இது தேனாட்டம் இருக்குது. இனிமே வாரா வாரம் நம்ம வூட்டுக்கும் இதையே அனுப்பிருங்க."

கோகிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் சொன்னன்ல?" என்று எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அனுப்பிடறங்க மாமா" என்றேன்.

புது மெம்பிரேன் வந்துவிட்டது. மருந்தும் ஒழுங்காக ஊற்றுகிறேன். என் தண்ணீரும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், மாமனாருக்கு அதைக் கொடுத்துப் பார்க்கத் தைரியம் வராமல், வாரா வாரம் பென்னாகரம் போய்க்கொண்டிருக்கிறேன்.