இல்லை என்று வந்த ரத்தம்

...இல்லை என்று வந்தால் நல்லதுதானே, எந்தப் பரிசோதனைக்கும் இல்லை என்பதுதானே நல்ல சேதி, சர்க்கரை இல்லை, காமாலை இல்லை என்றால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம், இது மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று லேபின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கறிக்கடைக்காரன் மறுபடியும் யோசித்தான். போன வாரம் மனைவி பக்கத்தில் இருந்தாள், நாலாம் மாதம், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டெஸ்டின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை, டாக்சோ என்பதோடு நிறுத்திக்கொண்டான். நெகட்டிவ் என்று கேட்டதும் அவன் சிரித்தான், டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்தக் கிருமி இவங்களுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லன்னு அர்த்தம். எப்பவோ வந்து போயிருந்தா ரத்தத்துல எதிர்ப்பு இருக்கும், குழந்தைக்குப் பயமில்ல. இவங்களுக்கு அது இல்ல. இப்போ புதுசா வந்தா குழந்தையோட கண்ணு, மூளையைக்கூடப் பாதிக்கலாம். மாசா மாசம் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம்." பிறகு எதிலிருந்தெல்லாம் வரும் என்று சொன்னாள், பூனையின் கழிவு, கழுவாத காய், மண், அரைவேக்காட்டுக் கறி, பச்சைக் கறியைத் தொட்ட கை... அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

என்ன வேலை பார்க்கிறேன். அந்த வேலையில்தானே சோறு, அந்த வேலையைப் பார்த்துத்தானே அவளைக் கொடுத்தார்கள், மாப்பிள்ளை கை சுத்தம், எடையில் ஏமாற்ற மாட்டான் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, கை சுத்தம்... இப்போது கடையிலேயே குளிக்கிறான், சட்டையை அங்கேயே அலசிப் போடுகிறான், நகத்தை ஒட்ட வெட்டியதில் விரல் நுனிகள் எரிகின்றன, வீட்டில் கதவுத் தாழ்ப்பாளைக்கூட முழங்கையால் தள்ளுகிறான். அக்கா போனில் சிரித்தாள், "கறிக்கடையிலேயே தவழ்ந்தவங்கடா நாம, நமக்கு என்ன வந்துச்சு? நீ கழுவுற கழுவுல ரேகையே அழிஞ்சிடும்." அக்காவுக்குச் சிரிப்பு. நமக்கு வந்திருக்கும் அக்கா, வந்ததே தெரியாமல் வந்து போயிருக்கும், அதுதானே விஷயம், நமக்கு ஒன்றும் செய்யாததுதானே அவளுக்குள் இருக்கிறதைத் தேடிப் போகும்... அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துவிட்டு, காலையில் யாரும் எழுதிக் கொடுக்காமலே லேபுக்கு வந்து கையை நீட்டினான். ரத்தம் எடுத்த பெண் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைக்கு வருகிறவள், எலும்பு கம்மியா போடுங்கண்ணா என்கிறவள். உங்களுக்கு எதுக்குண்ணா இது என்றாள். சும்மாதான் என்றான். சும்மாவா? தன் ரத்தத்தில் இல்லை என்று வந்தால் கடை சுத்தம் என்று நினைத்துக்கொள்ளலாம், இருக்கிறது என்று வந்தால்... இருக்கிறது என்று வந்தால் கடையை விற்றுவிடவா போகிறான்.

அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "பாசிட்டிவ்ணா. ஆனா பழசு. எப்பவோ வந்து போயிருக்கு, எதிர்ப்பு இருக்கு. இனிமே உங்களுக்குக் கவலையில்ல." எனக்கு. எனக்கு எதற்கு அது, வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பவளுக்கு இல்லாதது எனக்கு எதற்கு, ரத்தம் கொடுக்கலாம் என்கிறார்களே, இதைக் கொடுக்க முடியாதா... அதைக் கேட்காமல் வேறு கேட்டான். "என்கிட்ட இருந்து அவளுக்கு ஒட்டுமா?"

"ஆளுக்கு ஆள் அப்படி ஒட்டாதுண்ணா. கறி தொட்ட கையை சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, வீட்டுக் கத்தியை, பலகையைக் கழுவுங்க, கறியை நல்லா வேகவைங்க. அவ்வளவுதான். பக்கத்துல உக்காந்தா வராது, தொட்டா வராது." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள், "அண்ணிகூட சாதாரணமா இருங்க."

சாதாரணமாக. தலையாட்டிவிட்டு வெளியே வந்தான், வெயில், பழக்கடை, சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர், மதில் மேல் ஒரு பூனை, அவன் பூனையைப் பார்த்தான், அதுவும் பார்த்தது, உன் மேலும் பழி என் மேலும் பழி. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியிருக்க வேண்டுமே, படித்தவள், அதே வேலையாக இருப்பவள் சொல்கிறாள், தொட்டால் வராது... கல் இறங்கவில்லை. சந்து திரும்பும்போது நடை தானாக மெதுவாயிற்று, வீட்டுக்குப் போகிற நடையா இது.

அவள் வாசலிலேயே நின்றாள். "கடை பூட்டியிருக்குன்னு அக்கா போன் பண்ணாங்க. எங்க போனீங்க?" சொன்னான். கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் சொன்னான், பழசு, ஒட்டாது, கழுவினால் போதும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், சந்தோஷப்பட்ட மாதிரியும் தெரியவில்லை, படாத மாதிரியும் தெரியவில்லை. "அப்போ இனிமே உள்ள வந்து படுக்கலாம்ல?" என்றாள்.

"இரு, கையைக் கழுவிட்டு வரேன்."

"கடைக்கே போகலியே நீங்க இன்னிக்கு."

குழாயைத் திறந்தான். சோப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு. போன வாரம்தானே அந்தக் கிருமியின் பெயரே தெரிய வந்தது, ஆனால் தலையணையை முன்னறைக்கு எடுத்துப் போனது எப்போது... புழுக்கம், அந்த ஃபேன்தான் நல்லா ஓடுது என்று சொன்னானே, அது போன வாரமா? இல்லை. அவள் நாள் தள்ளிப்போயிருக்கு என்று சொல்லிச் சிரித்த அன்றைக்கு. அன்று காலை கடையில் ஒரு ஆடு, சினை இல்லை என்று வியாபாரி சத்தியம் செய்து தந்தது, வயிற்றைத் திறந்ததும் உள்ளே விரல் நீளத்தில் ஒன்று, கால்கள் நான்கும் மடங்கி, கண் மூடி... கத்தியை வைத்துவிட்டு அவன் வெகுநேரம் அப்படியே நின்றான், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் சிரிக்கிறாள். அதை யாரிடம் சொல்வது, அவளிடமா. அப்போது டாக்டரம்மா கிடையாது, டாக்சோ கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, அப்போதே தலையணையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், அப்படியென்றால் இத்தனை நாள் கழுவியது எதை... முன்னறையில் அவள் குனியக் கூடாத வயிற்றோடு குனிந்து அவன் பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது. நான் எடுக்கிறேன், விடு, என்று சொல்ல வேண்டும். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.